ரெண்டாம் அடக்கம்

சக்ரீஸ்து அறையில் ஒரு காலண்டர்.
ஏழு வருஷம் பழசு, யாரும் கழற்றவில்லை.
படத்தில் பிரான்சு ராஜாக்கள்
கல்லாய்ப் படுத்திருக்கிறார்கள்,
பெரியாஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாக.
ஒரு ராணியின் காலடியில் நாய்க்குட்டி.
அதன் மூக்கில் பூஞ்சைப் புள்ளி
ஏற்காட்டு மூடுபனி வைத்தது.

சிஸ்டர் கிளெமென்டைன் சொன்னார்:
சேன் தெனி என்று ஊர். அந்தக் கோயிலில்தான்
ராஜாக்களுக்கெல்லாம் அடக்கம்.
ஒருநாள் கடப்பாரையோடு சனம் வந்தது.
பெட்டியின் ஈயம் குண்டு வார்க்கப் போனது,
ராஜாக்கள் குழிக்குப் போனார்கள், மேலே சுண்ணாம்பு.
இருபத்துச் சொச்சம் வருஷம் கழித்துத் தோண்டினால்
எது தாத்தா எது பேரன், தெரியவில்லை.
மொத்தமாய் அள்ளி ஒரே அறையில் வைத்து
கறுப்புக் கல்லில் பெயர்களை வெட்டினார்கள்.

எத்தனை அடி குழி என்று கேட்டேன்.
அவர் சிரித்தார்.
குழிவெட்டி வேறென்ன கேட்பான்?
சுண்ணாம்பும் எனக்குத் தெரியும்.
மலையேறும் முன்னால்
சேலத்துக் காளவாயில் ஆறு வருஷம் கல் சுட்டவன்.

நம் கல்லறைத் தோட்டம் பதினெட்டு சென்ட்.
பத்து வருஷம் ஆன குழியைத் திறக்கலாம் என்று
பங்குப் பேரவைத் தீர்மானம்.
கை தூக்கியவர்களில் நானும் உண்டு.
கல்லறைத் திருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கையில்
பட்டியல் வந்தது. மூன்றாவது பெயர்:
லூர்து ரெஜினா, க/பெ மதலைமுத்து.
ரெஜினா என்றால் ராணியாம்.
அதுவும் சிஸ்டர் சொன்னதுதான்.

வேற ஆளை வெச்சுக்கலாம் முத்து, என்றார் சாமியார்.
வேண்டாம் சாமி, என்றேன்.

சில்வர் ஓக் வேர் உள்ளே புகுந்திருந்தது.
மூன்றரை அடியில் மண்வெட்டி ணங்கென்றது.
தொடையெலும்பில் ஸ்டீல் தகடு, ஆறு திருகாணி.
பதினெட்டாம் கொண்டை ஊசியில்
எஸ்டேட் லாரி கவிழ்ந்தபோது வைத்தது.
மழைக்கு முந்தின நாளே அது குடையும்.
களத்துல கெடக்குற காப்பிப் பழத்தை அள்ளுய்யா, என்பாள்.
வானம் பளிச்சென்று இருக்கும். நான் அள்ளமாட்டேன்.
நனையும்.

ராஜாக்களுக்கு இந்த அடையாளம் வாய்க்கவில்லை.

மற்றதையெல்லாம் கழுவி வெள்ளைத் துணியில் முடிந்து
எலும்புக்குழியில் இறக்கினேன்,
முன்பே இருந்தவர்கள் மேல், மெதுவாக.
தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
பதிவேட்டில் ‘யாவும் மாற்றப்பட்டது’ என்று எழுதும்போது
‘யாவும்’ முடிந்து பேனா கொஞ்சம் நின்றது.

சாயங்காலம் குழிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.
அங்கே பெயர் வெட்டக் கல் கிடையாது.
சர்வராயன் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
பையைத் தொட்டுப் பார்த்தேன்.
சில்லென்று இருந்தது,
எதுவும் சொல்லவில்லை.