எங்கே தேடுவாள்

கோலிக்குண்டு போய்விட்டது.
சென்ற வாரம் வந்த சிறுமி அதை மூக்கில் திணித்துக்கொண்டாள்.
ஆகவே இன்று அக்ரூட்.

புன்டா அரேனாஸில் காற்றுக்கு வார விடுமுறை கிடையாது.
ஆட்கள் பிடித்து நடக்கத் தெருமுனையில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
அதைப் பிடித்துத்தான் வந்திருக்கிறான்
எலிசெயோ, நான்கு வயது பத்து மாதம்,
சப்பாத்து இடம் வலம் மாறி.
பரிந்துரைச் சீட்டில் மூன்றே சொற்கள்:
பேச்சு குறைவு. கவனிக்கவும்.

அம்மா டனிட்சா வெளியே அமருமுன்
என் காதோடு சொன்னாள்:
"அவனுக்கு எதுவும் தெரியாது."

இரண்டு பொம்மைகள்.
ஃபிலோமேனா அக்ரூட்டைக் கூடையில் வைத்துவிட்டு
வெளியே போகிறாள்.
(வெளியே என்பது மேசைக்கடியில், என் முழங்காலருகே.)
துலியோ அதை எடுத்துப் பெட்டியில் ஒளிக்கிறான்.
அவள் திரும்பி வருகிறாள்.
எங்கே தேடுவாள்?

மூன்று வயதில் பெரும்பாலும் பெட்டியைத்தான் காட்டுவார்கள்.
தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்கிற வயது.
நல்ல வயது.
அப்புறம் ஒருநாள்
அடுத்தவர் தலைக்குள் வேறோர் அறை இருப்பது பிடிபடும்,
அதன் சன்னல் வேறு பக்கம் திறப்பதும்.
அன்றைக்கே பொய் சொல்லவும் வந்துவிடும்.

எலிசெயோ கூடையைத் தொட்டான்.
ஒரு மதிப்பெண்.
ஏன் என்று கேட்டேன்,
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.
"அவளுக்கு யாரும் சொல்லலையே."

பிறகு, நான் கேட்காமலே,
ஃபிலோமேனாவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.
"அப்பா நண்டு பிடிக்கத் தெற்கே போயிருக்காருன்னு
அம்மா சொல்றாங்க.
படகு திரும்பாதுன்னு எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியாது.
சொல்லிடாதீங்க.
பாவம், தினமும் கஷ்டப்பட்டுச் சொல்றாங்க."

தெரியும் என்பது தெரியாது என்பது தெரியும்.
இந்த அடுக்குக்கு ஆறு வயதாவது ஆகும் என்கிறது கையேடு.
பேனாவை மூடினேன், திறந்தேன்.
பேச்சு குறைந்ததற்கு
அதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

டனிட்சா எழுந்தாள்.
"ஏதாவது சொன்னானா?"
கோட்டுப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தாள்,
சப்பாத்தைப் போலவே.
"வியாழக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க" என்றேன்.
அவள் மறுக்குமுன்பே தேதியை எழுதிக் கொடுத்தேன்.

கயிற்றைப் பிடித்தபடி போனார்கள்,
அவள் முன்னால்,
அவன் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டு.

அடுத்த பிள்ளைக்காக மேசையைச் சரிசெய்தேன்.
கூடையில் பார்த்தேன்.
பெட்டியில் பார்த்தேன்.
அக்ரூட் இல்லை.