முப்பத்தோரு நொடி

பந்து போய்விட்டது.
வலப்பக்க வேலியைத் தாண்டி,
உரக் கம்பெனியின் விளம்பரப் பலகையைத் தாண்டி,
கார்கள் நிற்கும் இடத்தில்
யாருடைய கண்ணாடியையோ தேடிக்கொண்டு.

அவன் ஓடவில்லை.
தன் கையெழுத்தைத் தள்ளிவைத்துப் பார்ப்பவன் மாதிரி
தலையைச் சாய்த்து நின்றான்.
பிறகு மட்டையை எறிந்தான்.
எறிந்தான் என்பது தப்பு.
பறக்க விட்டான்.
அது இரண்டு கரணம் போட்டு
என் காலடியில் வந்து விழுந்தது.

நான் கேட்சர்.
முகமூடிக்குள் குந்தியிருப்பவன்.
அடிப்பவனின் வியர்வையும்
அம்பயரின் வெங்காய மூச்சும்
முதலில் எனக்குத்தான்.
முப்பத்தோரு நொடி எடுத்துக்கொண்டான், சுற்றி வர.
எண்ணுவதும் என் வேலைதான்.

எங்கள் பிட்சர் ஹார்லன் வோய்ட்,
முப்பத்து நான்கு வயது, இரண்டு முறை தைத்த முழங்கை,
மேட்டில் நின்று ஷூ நுனியால் மண்ணைக் கிளறினான்,
எதையோ அங்கே புதைத்துவைத்தவன் போல.

விதிப் புத்தகம் என் லாக்கரில் இருக்கிறது.
பந்தின் எடை அதில் உண்டு.
மட்டையின் பருமன் உண்டு.
சந்தோஷத்துக்கு எத்தனை நொடி என்று இல்லை.
அது வேறு ஏடு.
அச்சடித்தவர் இல்லை, மறந்தவரும் இல்லை.
எட்டு ரன் முன்னால் இருந்தால் பேஸ் திருடாதே.
பிட்சரின் மேட்டை மிதித்துக் கடக்காதே.
ஒரு ஹிட்டும் கொடுக்காமல் ஒருவன் வீசிக்கொண்டிருந்தால்
அவன் பக்கத்தில் உட்காராதே, தும்முவதானாலும் யோசி.
அடித்துவிட்டு அழகு பார்க்காதே.
பார்த்தால்
அடுத்த முறை பந்து உன்னைப் பார்க்கும்.

எனக்கும் ஒன்று உண்டு.
போன ஜூலையில், தூறலில்,
மூன்று பேஸிலும் ஆள் நிற்க நான் அடித்தது.
குனிந்த தலை நிமிராமல் ஓடி முடித்தேன், பதினெட்டு நொடியில்,
கடையில் எதையோ சட்டைக்குள் செருகிக்கொண்டு
வாசலைப் பார்த்து நடப்பவன் மாதிரி.
பந்து எங்கே விழுந்ததென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏழாவது இன்னிங்ஸில் அவன் மறுபடி வந்தான்.
எலிசெயோ மொன்தேரோ. அசுவாக்காரன்.
அங்கே பந்து வேலியைத் தாண்டினால்
பார்க்க வந்தவர்களும் கையில் இருப்பதை எறிவார்களாம்.
இது நெப்ராஸ்கா.
எங்கள் மேனேஜர் காது மடலைத் தடவினார்.
நான் தொடைகளுக்கு நடுவே
கட்டைவிரலை நீட்டினேன்.

எலிசெயோ காலால் மண்ணைச் சமன்செய்தான்.
திரும்பாமலே கேட்டான்,
பல் டாக்டரிடம் கேட்கும் குரலில்:
"எங்கே?"
"இடுப்புக்குக் கீழே" என்றேன்.
தலைக்கு வீசுவதில்லை. அதுவும் எழுதாததுதான்.
"தேங்க்ஸ்" என்றான்.

தொண்ணூற்று மூன்று மைல் வேகம்.
நனைந்த மூட்டையைத் தரையில் போட்ட சத்தம்.
அவன் தேய்த்துக்கொள்ளவில்லை.
தேய்க்கக் கூடாது.
அந்த ஏடு அவனுக்கும் மனப்பாடம்.
கணக்கு நேரானது.
இரண்டு பக்க டக்அவுட்டும் மூச்சு விட்டது.

அப்போதுதான் அவன் மட்டையைக் கீழே வைத்தான்.
வைத்தான் என்பதும் தப்பு.
முட்டி மடித்து, இரண்டு கையாலும்
தூங்கிப்போன பிள்ளையைக் கிடத்துவதாகக் கிடத்தி,
புழுதியைத் தலையணையாகச் சேர்த்து,
எங்களைப் பார்த்து
உதட்டில் விரல் வைத்தான்.
உஷ்.
பிறகு நொண்டியபடி முதல் பேஸுக்குப் போனான்.

நானூறு பேர் இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள்.
அம்பயர் என்னைப் பார்த்தார்,
இதற்கு ஏதாவது உண்டா என்பது போல.
இல்லாத ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.
மட்டையை மரியாதையாக வைப்பவனை
என்ன செய்வதென்று அதில் ஒரு வரி இல்லை.

ஹார்லன் கையுறையால் வாயை மூடிக்கொண்டான்.
திட்டினான் என்று பிறகு சொன்னார்கள்.
நான் இருந்த இடத்திலிருந்து
அவன் தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.
என் முகம் யாருக்கும் தெரியவில்லை.
முகமூடியில் அந்த ஒரு வசதி.

மட்டையை எடுக்க வந்த பையன்,
பன்னிரண்டு வயதிருக்கும்,
கடைசி நாலடியைக்
குதிகால் படாமல் நடந்தான்.