கம்பத்து எண்

நவம்பரில் வந்த கடிதம் ஒற்றைப் பக்கம்.
இன்சுலின் போடாதவர்களுக்கு
இனி நாளுக்கு ஒரு பட்டை போதும்.
போதும் என்ற சொல்லை
அடிக்கோடிட்டு என்னிடம் நீட்டினாள்
வெர்னா ஹூடாக்,
முப்பத்தொரு வருஷம் யங்ஸ்டவுனில்
பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.

மருந்துக்கடைக் கல்லாவில் நிற்பவன் நான்.
நான்கு பெட்டி போடுகிற பையில்
ஒன்றைப் போட்டேன்.
பை நிற்கமாட்டாமல் சரிந்தது.

சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா,
எந்தக் குத்தை விடுவது
என்று கேட்பாள் என நினைத்தேன்.
கேட்கவில்லை.
கண்ணாடிக்கு வெளியே
மின்கம்பத்தைப் பார்த்தாள்.

அதில் ஆணியடித்த மஞ்சள் அட்டை:
சர்க்கரைப் பட்டை வாங்குகிறோம்.
பிரிக்காத பெட்டி. உடனே ரொக்கம்.
கீழே ஒரு தொலைபேசி எண்.
மழையில் கடைசி இலக்கம் கரைந்து
ஏழா ஒன்றா தெரியாது.
அவளுக்குத் தெரியும்.

எனக்கும் தெரியாமல் இல்லை.
இரண்டு குளிர்காலமாக
அவள் விரலில் காலையில் ஒரு குத்துதான்.
மிச்ச மூன்று பெட்டியும்
எரிவாயு பில்லாகி
அடித்தள உலையில் நீலமாய் எரிந்தன.

கணக்குப் போட்டவர்கள் தப்பாகப் போடவில்லை.
நாலு தடவை குத்தினாலும் ஒரு தடவை குத்தினாலும்
ரத்தம் ஒன்றுதான் சொல்கிறது என்றார்கள்.
வெர்னாவைவிட நல்ல சாட்சி கிடைக்காது.
அடுத்த அறிக்கையில் அவள் ஒரு சேமிப்பு:
சர்க்கரை நூற்று நாற்பத்திரண்டு,
பாதிப்பு ஏதுமில்லை.
வீட்டைக் குத்திப் பார்க்க
யாரிடமும் ஊசி இல்லை.

ஜனவரியில் ஒருவன் வந்தான்.
டேரியஸ் பெட்டிவே.
கிடங்கு வேலையோடு காப்பீடும் போனவன்,
பதினோரு வயதிலிருந்து இன்சுலின்.
"கம்பத்தில் விலை ஏறிப்போச்சு.
இங்கே எவ்வளவு?"

சொன்னேன்.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கம் வேறு விலை இருக்குமோ என்பதுபோல.
பிறகு எடுத்த இடத்திலேயே,
பெயர் முன்னால் தெரிய,
நேராக நிறுத்திவிட்டுப் போனான்.

வாசலில் வெர்னாவுக்குக்
கதவைப் பிடித்துக்கொண்டான்.
நன்றி என்றாள். அவ்வளவுதான்,
இருவருக்கும் இடையில்.

இரண்டு ஸ்வெட்டர், மேலே கோட்டு.
கையுறையைக் கழற்றாமலே கையெழுத்திட்டாள்.
"கொஞ்ச நேரம் உட்காரட்டுமா?"
ரத்த அழுத்தம் பார்க்கும் நாற்காலி
ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது.
காசு கேட்காத இயந்திரம்.

கையை நுழைத்தாள்.
அது இறுக்கிப் பிடித்து,
மெல்ல மூச்சு விட்டது.
எண்ணைப் பார்க்காமலே
மறுபடி பொத்தானை அழுத்தினாள்.