முல்லூஸ் போய் வர

சங்கக் கடையின் பழைய பில் புத்தகம்,
பின்பக்கமெல்லாம் வெள்ளை.
அதில் கோடு கீறி எழுதுகிறேன்:
பாசல், காலை எட்டு இருபத்தொன்று.
முல்லூஸ், எட்டு நாற்பத்தாறு.
முலூஸ் என்றுதான் சொல்லவேணுமாம், அக்கா திருத்துகிறாள்.
என் கை 'முல்லை' என்றே தொடங்குகிறது.
இருக்கட்டும்.
பிரெஞ்சுக்காரர் வந்தா பார்க்கப்போகிறார்கள்.

இருபத்தைந்து நிமிடம்.
மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு
பஸ் அதைவிடக் கூட எடுக்கும்.
இதற்குள் ஒரு நாடு முடிந்து
இன்னொரு நாடு தொடங்கிவிடுமாம்.

"எத்தனை மணிக்கு எல்லையிலை நிக்கவேணும்?"
"அங்கை ஒருத்தரும் நிக்கிறேல்லையடி."
"வரிசை?"
"இல்லை."
"பையைத் திறந்து காட்டிற இடம்?"
தேவரதி அக்கா சிரிக்கிறாள்,
பத்தொன்பது வருடம் சுவிஸில் பழகிய சிரிப்பு.
எந்த நிமிடத்தில் எல்லை வரும் என்று
அவளுக்கே தெரியாது.
போனுக்கு ஒரு மெசேஜ் வருமாம்:
பிரான்ஸ் வரவேற்கிறது,
பேசினால் நிமிடத்துக்கு இவ்வளவு காசு.
அவ்வளவுதானாம் எல்லை.

நான் நம்பவில்லை.
பாஸ்போட். அதன் கொப்பி இரண்டு.
பிறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்போடு.
கிராம சேவகரின் கடிதம்:
இன்னார் இவ்விலாசத்தில் வசிப்பவர் என்று.
அதை முல்லூஸில் ஆர் வாசிக்கிறது, கேட்கிறாள்.
வாசிக்காவிட்டால் என்ன.
கடிதம் இல்லாமல் போன ஒரு நாள்
எனக்குத் தெரியும். அவள் அப்போது விமானத்தில் ஏறிவிட்டாள்.

அடுத்த பக்கம், இன்பமலருக்கு:
மிளகாய்த்தூள் ஒரு கிலோ,
ஒடியல் மா, மோர்மிளகாய்,
ராணி சந்தனச் சவர்க்காரம் நாலு கட்டி,
ரோச் லைற் ஒன்று, பற்றரியோடு.
எழுதி முடித்த கையோடு
சவர்க்காரத்தை வெட்டினேன்.
பற்றரியை இரண்டு தரம் வெட்டினேன்.
பிறகுதான் பார்த்தேன், ஏன் வெட்டினேன் என்று.
எந்தக் காலத்துத் தடைப்பட்டியல்
இன்னும் என் பேனைக்குள் ஓடுகிறது?

இன்பமலரும் நானும்
ஒரே லுமாலாவில் பள்ளிக்கூடம் போனவர்கள்.
மிதிப்பது அவள், கரியரில் நான்,
ஏற்றத்தில் மட்டும் இறங்கி நடப்பேன்.
வட்டுவாகலில் அந்தச் சைக்கிளை விட்டோம்.
பின்னால் சனம் நெரிக்குது,
அவள் குனிந்து அதைப் பூட்டினாள்.
திறப்பை எடுத்துச் சட்டைக்குள் போட்டாள்.
பாலத்துக்கு அங்கால்
அவளை ஒரு வரிசையில் விட்டார்கள்,
என்னை இன்னொன்றில்.
இப்போது அவள் முல்லூஸில் ஒரு பேக்கரியில்,
அதிகாலை மூன்று மணிக்கு வேலை தொடங்குமாம்.
அன்று லீவு கேட்டிருக்கிறாள்.

மேலே மணி, கீழே அலுவல்:
ஒன்பது, ஸ்ரேசன் வாசலில் அவள் நிற்பாள்.
பத்து, தேத்தண்ணி.
பன்னிரண்டு, சமைக்கிறாளாம், இறால்.
மூன்று, ஏதோ ரெயின் மியூசியமாம், பார்க்கத்தான் வேணுமா?
நாலு மணிக்குத் திரும்புகிறேன் என்றதும்
அக்காவுக்குக் கோபம்.
கடைசி ரெயின் இரவு பதினொன்றுக்கும் இருக்காம்.
இருட்ட முன்னம் தாண்டிவிட வேணும் என்பதை
அவளிடம் சொல்லவில்லை.
அங்கே ஆடியில் ஒன்பதரைக்குத்தான் இருட்டுமாம்.
தெரியும்.
நாலு என்றே எழுதினேன்.

விசா இன்னும் வரவில்லை.
வியாழன் கொழும்பில் கைரேகை.
புதன் இரவு ரெயினில் ஏறுவேன்.
எல்லாரும் நித்திரையாய்க் கிடக்க
ஓமந்தை வரும்போது நான் மட்டும்
நிமிர்ந்து இருப்பேன், வழமைபோல,
பை மடியில், சிப் திறந்தபடி.
ஒருவரும் கேட்க வரமாட்டார்கள்.
வவுனியா லைற் தெரிந்த பிறகு
சிப்பை மூடுவேன்.

ஒன்று விட்டுப்போச்சு.
பத்து மணித் தேத்தண்ணிக்குப் பக்கத்தில்
சின்னதாய் எழுதினேன்:
திறப்பு வைத்திருக்கிறாளா, கேள்.

பில் புத்தகத்தை மூடப் போனவள்
திரும்பத் திறந்தேன்.
சவர்க்காரம், ராணி சந்தனம்.
நாலு இல்லை, ஆறு கட்டி.
பற்றரி வேண்டாம்.
அங்கேயே வாங்கலாம்.