மரேலா தின்ற தாள்

லூகோ நகரத்து அச்சகத்தில்
எழுத்துக் கோக்கிறவன் நான்.
எந்தக் கையெழுத்துப் பிரதியையும்
முதலில் முகர்ந்துதான் பார்ப்பேன்.
வக்கீல் எழுதினால் சுருட்டு வாடை,
பாதிரியார் என்றால் மெழுகு.
ஒப்தூலியாவின் நாவலில்
சாணமும் புளித்த மோரும்.

கூட்டுறவுச் சங்கத்துப் பால் ரசீதுகளின் முதுகில்
பென்சிலால் எழுதியிருந்தாள்.
நாயகி ஆற்றில் குதிக்கப் போகிற தாளைத் திருப்பினால்
செவ்வாய், பதினோரு லிட்டர், கொழுப்புக் குறைவு.
எது கதை எது கணக்கென்று
முதல் வாரம் குழம்பினேன்.
அப்புறம் பழகிவிட்டது.

இருநூற்றுப் பதினோராம் தாளில்
ஏழு வருஷம் கழித்து ஹவானாவிலிருந்து
புருஷன் வந்து நிற்கிறான்,
தொப்பி கையில்.
இருநூற்றுப் பதின்மூன்றில்
அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள்.
நடுத்தாளைக் காணோம்.

முதலாளி என்னை அனுப்பினார்.
பாதி வழி பேருந்து, மீதி சேறு.
கலீசியாவில் மழை பெய்வதில்லை,
குடியிருக்கிறது.
கல் தூண்கள்மேல் நிற்கிற களஞ்சியத்தில்
சோளக்கதிர்களுக்கு நடுவே
கவிழ்த்த வாளி ஒன்று. அதுதான் எழுதுமேசை.
"யாராவது கூப்பிட்டால்
கதிர் எண்ணுகிறேன் என்பேன்."

தாளைப் பற்றிக் கேட்டேன்.
"மரேலா தின்றுவிட்டது,"
தாடையால் பசுவைக் காட்டினாள்.
மறுபடி எழுதித் தரலாமே என்றேன்.
வாளிக்குள் பாலின் சத்தம்
கணீரென்பதிலிருந்து மெத்தென்று மாறும்வரை
கறந்துகொண்டே இருந்தாள்.

"அதில் அவன் மன்னிப்புக் கேட்டான்.
நன்றாகவே கேட்டான், நானே அழுதேன்.
ஆனால் எங்கள் பக்கத்தில்
யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.
மாட்டுக்குத் தெரிந்திருக்கிறது."

உள்ளே யாரோ இருமினார்கள்.
கதவோரம் ஆணியில்
வைக்கோல் தொப்பி, வெயில் தேசத்தது,
இந்த ஈரத்தில் பூசணம் பூத்து.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
"முட்டைக்கோஸ் சூப் இருக்கிறது.
குடித்துவிட்டுப் போ."

அந்த இடத்தில்
ஐந்து வரி வெறுமையாக விட்டேன்.
காகிதம் வீண் என்றார் முதலாளி.
வெற்றிடத்துக்கும் ஈயக்கட்டை வைத்துத்தான் ஆக வேண்டும்,
எழுத்துக்கு வைப்பதுபோலவே.
விரல் கறுக்க வைத்தேன்.

புத்தகம் வந்த மாதம் ஒரு கடிதம்.
நாவலைப் பற்றி ஒரு சொல் இல்லை.
ரசீதுகளைத் திருப்பி அனுப்பு,
சங்கத்தில் கணக்குக் கேட்கிறார்கள்,
ஒரு தாள் குறைகிறதென்று
நான் சொல்லிக்கொள்கிறேன்.