எடை தெரியாமல்

ரியேக்காவில் எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது.
எனக்கு மேல் வீட்டில் நெவியா.
கப்பல் கட்டும் தளத்தில்
முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவள்.
பூரா காற்று மலையிலிருந்து இறங்கித்
துறைமுகத்தையே உலுக்கும் நாட்களிலும்
நாற்பது மீட்டர் ஏணியில்
தோளில் காப்பிக் குடுவையோடு ஏறினாளாம்.
விழவில்லை.

விழுந்தது போன நவம்பரில்.
சமையலறைக்கும் நடைக்கும் நடுவே
ஒரு விரல் உயரம்.
படி என்றுகூட அதைச் சொல்ல முடியாது.

என் கூரையில் கேட்டது
மாவு மூட்டையை இறக்கியதுபோல் ஒரு சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததுதான் என்னை மாடிக்கு விரட்டியது.

"கதவில் இடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்"
என்று மகளிடம் சொன்னாள்,
தரையில் ஒருக்களித்துக் கிடந்தபடியே.
போனை அவள் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன்,
பொய்க்கு உடந்தையாக.

யானைக்கும் அடி சறுக்கும். சரி.
ஆனால் யானை நீர் மாத்திரை விழுங்கிவிட்டு
ராத்திரி மூன்று மணிக்கு அவசரமாக எழுவதில்லை.
தூக்க மாத்திரையின் மிச்சத்தோடு
ஸ்விட்சைத் துழாவுவதில்லை.
எழுந்த வேகத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறாமல்
ஒரு நொடி பின்தங்க,
சுவர் இருக்கிற பக்கம் எது என்று மறப்பதில்லை.
செத்துப்போன கணவனின் செருப்பை,
இரண்டு அளவு பெரியதை,
விடாப்பிடியாகப் போட்டுக்கொள்வதுமில்லை.

அவள் கண்ணாடியை ஒருநாள் மாட்டிப் பார்த்தேன்.
மேல் பாதியில் தூரம், கீழ்ப் பாதியில் எழுத்து.
படியின் விளிம்பு
எந்தப் பாதியிலும் இல்லை.

டாக்டர் ஒன்பது மாத்திரையை ஆறாக்கினார்.
நான் கம்பளத்தைச் சுருட்டிக் கட்டிலடியில் தள்ளினேன்.
ஆனாலும் விழுந்ததைவிட மோசமானது
விழுந்த பிறகுதான் வந்தது.
மீன் சந்தையை விட்டாள்.
குப்பை கொட்டக் கீழே வருவதையும் விட்டாள்.
உட்கார்ந்தே இருந்தாள். உட்கார்ந்த கால் மெலிந்தது.
மெலிந்த கால் மறுபடி விழும் என்று
அவளுக்கே தெரிந்ததால்
இன்னும் உட்கார்ந்தாள்.

ஹீட்டர் குழாய் இரு வீட்டுக்கும் பொது.
விழுந்தால் கரண்டியால் மூன்று தட்டு, என்றேன்.
"கரண்டி எட்டாவிட்டால்?"
மோதிரத்தால்.
எனக்கு எழுபத்தாறு. இருந்தும்
இந்த ஏற்பாடு அவளுக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

பிப்ரவரி. குளியலறை. ஈரம்.
என் வீட்டுக் கூரை இத்தனை உயரம் என்று
அதுவரை தெரியாது.
விழுந்து விழுந்து அவளைக் கவனித்தவன்
விழுந்தே கிடந்தேன்.
மோதிர விரலை நீட்டினேன்.
டிங். டிங். டிங்.

மேலே நாற்காலி நகர்ந்தது.
பிறகு படிகள்.
இருபத்திரண்டு. மூன்று மாதமாக அவள் தொடாதவை.
ஒவ்வொன்றாகக் கேட்டேன்.
ஏழில் நின்றாள். நெடுநேரம்.
திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன்.
எட்டு.

சாவி அவளிடம் இருந்தது.
உள்ளே வந்தவள் என்னைத் தூக்கவில்லை.
"எடை தெரியாமல் எதையும் தூக்கக் கூடாது.
அது என் தொழில்."
ஆம்புலன்ஸுக்குப் பேசினாள்.
போர்வையை இழுத்துப் போர்த்தினாள்.
பிறகு கதவு நிலையைப் பிடித்து
ஒரு முட்டியை மடக்கி,
அடுத்ததை மடக்கி,
கப்பலின் பாகமொன்றை
அதன் இடத்தில் வைப்பதுபோல்
தன்னையே என் பக்கத்தில் தரையிறக்கினாள்.

"இப்போது அவர்கள் இரண்டு பேரை எழுப்ப வேண்டும்" என்றேன்.
"சம்பளம் வாங்குகிறார்கள் இல்லையா" என்றாள்.

இடுப்பு வலியில் சிரிக்க முடியவில்லை.
முகத்தைத் திருப்பினேன்.
என் கண்ணெதிரே அவள் கால்.
அவள் அளவுக்குச் சரியான செருப்பு,
பின்பட்டையோடு. புத்தம்புதிது.
அடியில் விலைச்சீட்டு
இன்னும் கிழிக்கப்படாமல்.