அரைக்குடுமி

குருநாகலில் இருந்து பன்னிரண்டு முட்டை
உமி நிரப்பிய பிஸ்கற் பெட்டியில்
இரவு பஸ்ஸில் என் மடிமேல் வந்தன.
முறிகண்டியில் எல்லாரும் இறங்கித் தேங்காய் உடைத்தார்கள்.
நான் இறங்கவில்லை.
விடிய, பண்டத்தரிப்புச் சந்திப் பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னால்
ஆட்டோக்காரனிடம் சொன்னேன்:
"மெல்லமா விடும் தம்பி, உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம்."

கூர்முனை கீழே இருக்க ஒருநாள் ஆறவிட்டேன்.
குடுமிக்கோழி அடை கிடக்காது,
தலைப்பாரமே அதுக்குப் போதும்.
மேபிளின் கறுத்த நாட்டுப்பேடு,
என்னைக் கண்டாலே கொத்துகிறது,
ஆற்றை முட்டை என்று கேளாமல்
ஒவ்வொன்றாய் வயிற்றின் கீழ் இழுத்துக்கொண்டது.

ஏழாம் இரவு கரண்ட் இல்லை,
மீற்றர் வாசிக்கிறவன் வீட்டிலும்தான்.
போன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம்.
ஐந்தில் ஒன்றுமில்லை.
ஏழில் சிவப்பு வேர்,
நடுவே விட்டுவிட்டுத் துடிக்கும் ஒரு புள்ளி.
"மீற்றர் ஓடுது" என்றாள் மேபிள்.

பொரித்தது நாலு. ஒரு சேவல், மூன்று பேடு.
நெற்றிக்கு மேலே கொட்டைப்பாக்கு அளவில் குமிழ்.
அதன் அடியில் எலும்பு இன்னும் சேரவில்லை,
மற்றக் குஞ்சு கொத்தினால் அதோடு சரி.
பழைய மீற்றர்க் கொப்பியில் கோடு போட்டு
தகப்பன், தாய், தகப்பனின் தகப்பன் என்று
குருநாகல்காரர் சொன்ன ஐந்து தலைமுறையையும் எழுதினேன்.
என் பூட்டனின் பேர் எனக்குத் தெரியாது.

வளர வளரக் குடுமி கண்ணை மூடியது.
தண்ணீரில் தோய்ந்தது, தோய்ந்ததில் பேன் வந்தது.
வாய் ஒடுங்கிய போத்தலில் தண்ணி வைத்தோம்.
மாதம் ஒருக்கால் மேபிள்
தையல் கத்தரிக்கோலால் கண்ணோரம் வெட்டிவிடுவாள்.
இரண்டு நாள் உலகத்தைப் பார்த்துத் திகைத்துத் திரிவார்கள்,
பிறகு பழையபடி வேலியில் இடிபடுவார்கள்.

எங்கள் கலியாணத்துக்குப் பிறகு
பதினொரு வருடம் படலை தாண்டாத பெரியையா
கோழி பார்க்க வந்தார்.
குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார்.
"நல்ல சாதி" என்றார்.
மேபிள் கொண்டுவந்த தேத்தண்ணியை
"இப்பதான் குடிச்சனான்" என்றார்.

மாசியில் எஸ்தாக்கியரின் கழுத்துமொட்டைச் சேவல்
வேலிப் பொட்டால் உள்ளே வந்தது.
எத்தனை நாளாய் வந்தது என்று தெரியவில்லை.
தகரம் வைத்து அடைத்தேன்.
"மூன்று கிழமைக்கு விழுற முட்டையெல்லாம் பொரியலுக்கு" என்றேன்.
பொரியல் சாப்பிட்டோம்.
ஆனால் கறுத்தப்பேடு திரும்ப அடை கிடந்தது,
அதன் கீழே நாலு முட்டை எப்படி வந்தது என்று
மேபிளுக்கும் தெரியாதாம்.

அந்த நாலுக்கும் அரைக்குடுமி.
நித்திரையால் எழும்பித் தலை வாராமல்
பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் மாதிரி.
கொப்பியில் எழுதவில்லை.

புரட்டாதி மத்தியானம், கீரி.
அரைக்குடுமிகள் நாலும் முருங்கையில் நின்று
ஊரைக் கூட்டினார்கள்.
ஐந்து தலைமுறைச் சேவல் மட்டும்
சத்தம் எங்கிருந்து வருகுது என்று
தலையைச் சாய்த்துக் கேட்டபடி நின்றிருக்க வேண்டும்.
ஓடின அடையாளமே நிலத்தில் இல்லை.
வாழைக்கிடங்கில் தாட்டேன்.
குடுமியில் இரத்தம் படவில்லை,
அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

குருநாகல் நம்பர் வேலை செய்யவில்லை.
மிச்சம் மூன்று பேடு.
முருங்கையில் நின்றவர்களில் ஒருவன்தான் சேவல்.

தை பிறந்து ஆறு குஞ்சு.
மூன்றின் தலையில் முழுக் குமிழ்,
மூன்றில் பாதி.
கொப்பியை எடுத்தேன். தாய்க்குக் குருநாகல்.
தகப்பனுக்கு அரைக்குடுமி என்று எழுதி,
தகப்பனின் தகப்பன் என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சநேரம் நின்றது.
'வேலிப் பொட்டு' என்று போட்டேன்.

மேபிள் எட்டிப் பார்த்தாள்.
"யூனிற் எத்தினை எண்டு போடேல்லையோ?" என்றாள்.